எவர்சில்வர் ஹெடருக்கு என்ன ஃபினிஷிங்?

(தச்சநல்லூர் வட்டார லாரி, பிக்கப் உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், அவர்தம் குடும்பத்தார் ஆகியோருக்காக நம் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மரியாதைக்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, சகோதரர்களே, பட்டறையிலிருந்து கை கழுவிய ஈரத்தோடு வந்து அமர்ந்திருக்கும் தம்பிகளே! அஸருக்குப் பின் ஆரம்பித்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், மஃரிபு பாங்குக்கு முன் முடித்துவிடுவோம்.

இன்றைய தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். திருமண உதவி, கல்வி உதவி, மருத்துவ உதவி என்று பேசுகிற இடத்தில் லாரி சைலன்சர் பற்றி என்ன பேச்சு என்று தோன்றும். ஆனால் வட்டியில்லாக் கடன் கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் வண்டி வேலை ஒரு பெரிய பங்கு. மதுரை ரோட்டை ஒட்டி வாழ்கிற நமக்கு வண்டியும் பட்டறையும்தான் பல வீடுகளில் அடுப்பு எரிய வைக்கின்றன. அப்படி வந்த ஒரு மனுதான் இந்தப் பேச்சுக்குக் காரணம். டர்போ பிக்கப் வண்டி ஒன்றில் வார்ப்பு மேனிபோல்டு வெடித்துவிட்டது. எவர்சில்வர் குழாயில் புதிதாக ஹெடர் செய்து மாட்ட வேண்டும். பட்டறையில் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டில் மூன்று வகை ஃபினிஷிங் எழுதி மூன்று விலை போட்டிருந்தார்கள். கண்ணாடி போலப் பஃப் அடிப்பது ஒன்று, குரோமியம் முலாம் ஒன்று, செராமிக் பூச்சு ஒன்று. எதற்குக் கடன் கொடுப்பது? இதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்காக நாம் வெல்டர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் உட்கார்ந்து கேட்டோம், புத்தகங்களையும் புரட்டினோம். கிடைத்த பதிலை எல்லாரும் கேட்கட்டும் என்றுதான் இந்தக் கூட்டம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஹெடரின் ஃபினிஷிங்கைக் கண்ணுக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: சூடு, உப்புத் தண்ணீர், அந்த வேலையைச் செய்கிற பிள்ளையின் உடம்பு.

முதலில், தாய்மார்களுக்கும் புரியும்படி, ஹெடர் என்றால் என்ன என்று பார்ப்போம். இஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் எரிந்த புகை வெளியே வருகிறது. அந்தப் புகையை வாங்கி ஒன்றாகச் சேர்க்கும் முதல் குழாய்க் கூட்டம்தான் மேனிபோல்டு. வார்ப்பில் வந்தால் மேனிபோல்டு என்போம். குழாயை வளைத்து வெல்டு வைத்துச் செய்தால் ஹெடர் என்போம். டர்போ வண்டியில் அதன் முனையில் டர்போ உட்கார்ந்திருக்கும். வீணாகப் போகிற புகையின் விசையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி என்ற பொறியாளர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். புகையில் சூடு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு விசை டர்போவுக்குக் கிடைக்கும். ஆகவே டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயில் சூடு வெளியே போனால் அது நஷ்டம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எவர்சில்வர். பட்டறையில் எஸ்.எஸ். என்பார்கள், வீட்டில் எவர்சில்வர் என்போம், இரண்டும் ஒன்றே. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத இரும்பு இந்தக் குடும்பத்தின் முன்னோடிகளில் ஒன்று. நம் மாநிலத்திலேயே சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்திலிருந்து இதைத் தகடாக உருட்டித் தருகிறது. இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருந்தால் அது காற்றோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலத்தைத் தானே போர்த்திக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம்தான் துருவைத் தடுக்கிறது. கீறினாலும் காற்றுப் பட்டு மறுபடி மூடிக்கொள்ளும். ஆக, எவர்சில்வரின் உண்மையான ஃபினிஷிங் அதனிடமே இருக்கிறது. நாம் செய்வதெல்லாம் அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

அது எப்படிக் கெடும் என்பது சமையலறையில் நிற்கும் நம் சகோதரிகளுக்குத் தெரியும். வெறும் எவர்சில்வர் பாத்திரத்தை அடுப்பில் மறந்து வைத்துவிட்டால் அடியில் மஞ்சளும் நீலமுமாக வானவில் போல நிறம் ஏறும். ஊறுகாயையோ கல் உப்பையோ ஈரத்தோடு நாள் கணக்கில் போட்டு வைத்தால் ஊசி குத்தியது போலப் புள்ளி விழும். இரும்புக் கம்பி நாரால் தேய்த்து ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் மறுநாள் துரு நிறத்தில் பொட்டு தெரியும். ஹெடரைக் கெடுப்பதும் இதே மூன்றுதான்: சூடு, உப்பு, ஒட்டிக்கொள்ளும் வெறும் இரும்புத்தூள்.

சூட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். 304 என்கிற ரகத்தைக் காற்றில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் ஏறக்குறைய 290 டிகிரியில் வெளிர் மஞ்சள், 390-இல் பழுப்பு, 450-இல் கரு ஊதா, 540-இல் நீலம், 600-இல் கருநீலம் என நிறம் மாறும். இது அழுக்கு அல்ல. மேலே உள்ள படலம் சூட்டில் தடிப்பதால் ஒளி அப்படித் தெரிகிறது. பாரம் ஏற்றிய டர்போ டீசல் வண்டி மேடு ஏறும்போது டர்போவுக்கு முன்னால் புகை 600 டிகிரியைத் தாண்டிவிடும். செங்கோட்டை தாண்டிப் புளியரை வளைவுகளில் பாரத்தோடு இரண்டாவது கியரில் ஏறுகிற வண்டியை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி போலப் பஃப் அடித்த ஹெடரானாலும் ஆரியங்காவு போய்ச் சேருமுன் நீலம் பாய்ந்துவிடும். பளபளப்புக்குக் கொடுத்த காசு ஒரே நடையில் போய்விடும்.

சூடு இன்னொன்றும் செய்யும், குழாயை நீட்டும். ஒரு மீட்டர் 304 குழாய் 600 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் நீளும். வார்ப்பிரும்பு இதைவிடக் குறைவாகவே நீளும். ஹெடர் ஒரு பக்கம் சிலிண்டர் ஹெட்டில் போல்ட்டால் கட்டிக் கிடக்கிறது, மறுபக்கம் டர்போவின் பாரத்தைச் சுமக்கிறது. நாளுக்குப் பத்து முறை நீண்டு சுருங்கினால் வெல்டு ஓரத்தில் கீறல் விழும். மேலே எதைப் பூசினாலும் அந்தப் பூச்சும் கூடவே நீண்டு சுருங்க வேண்டும். நீளத் தெரியாத பூச்சு வெடித்து உதிரும். எந்த ஃபினிஷிங்கைச் சொன்னாலும் இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது உப்பு. தூத்துக்குடி உப்பளங்களிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் பாரம் ஏற்றுகிற வண்டிகள் நம்மில் பலருடையவை. சக்கரம் தெறிக்கிற உப்புச் சேறு ஹெடரில் பட்டு, தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் தங்கும். அடுத்த மழையில் அது கரைந்து குழாயைக் குத்தும். இழுவிசையில் நிற்கிற எவர்சில்வரில் சூடும் உப்பும் சேர்ந்தால் மயிரிழைக் கீறல்கள் கிளை விட்டுப் பரவும். வெளியே துருவே தெரியாது, ஒரு நாள் குழாய் பிளந்து நிற்கும்.

இப்போது ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

முதலில் பஃப். வழவழப்பான மேற்பரப்பில் உப்பும் ஈரமும் குறைவாகத் தங்கும் என்பது உண்மை. அந்த அளவுக்கு அதில் நன்மை உண்டு. ஆனால் வளைவுகளில் குழாயின் வெளிப்புறச் சுவர் ஏற்கெனவே மெலிந்திருக்கும். அங்கே கிரைண்டரை அழுத்தி இழைத்தால் இன்னும் மெலியும். வெல்டு மேட்டை முழுவதும் இழைத்து மறைத்தால் வெல்டின் பலமும் போகும். டர்போவுக்குப் பின்னால் உள்ள குழாயை வேண்டுமானால் பஃப் அடித்துக்கொள்ளுங்கள், தடையில்லை. அடித்தால், முதல் முறை இஞ்சினை இயக்குமுன் மெழுகையும் கைரேகையையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் விரல் அடையாளம் அதிலேயே சுட்டுப் பதிந்துவிடும்.

இரண்டாவது குரோமியம் முலாம். எவர்சில்வர் மேல் முலாம் எளிதில் பிடிக்காது, தனியாக நிக்கல் அடிப்பூச்சு வைக்க வேண்டும். வைத்தாலும் டர்போவுக்கு முன்னால் உள்ள சூட்டில் நீலம் பாய்ந்து உரியும். தானே குரோமியத்தைப் போர்த்தியிருக்கிற உலோகத்துக்கு மேலே இன்னொரு குரோமியம் எதற்கு? முலாம் தொட்டியில் உள்ள குரோமியம் எப்படிப்பட்டது என்பதை ராணிப்பேட்டை மக்களைக் கேளுங்கள். மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, நிலத்தடி நீரைப் பாழாக்கிய ஊர் அது. ஹெடர் மினுங்க வேண்டும் என்பதற்காக அந்தத் தொட்டிக்கு நாம் வேலை கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது சூடு தாங்கும் சில்வர் பெயிண்ட். விலை குறைவு, சாதாரண இரும்புக் குழாய்க்கு ஏற்றது. எவர்சில்வரின் வழவழப்பில் பிடிப்பு குறைவு. இந்த வகைப் பெயிண்ட் பெரும்பாலும் 600 டிகிரி வரைதான் தாங்கும், டர்போ வாயருகே எரிந்து போகும். பெயிண்ட் வாங்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். துத்தநாகம் கலந்த பெயிண்ட்டையோ ஜிங்க் ஸ்பிரேயையோ எவர்சில்வர் ஹெடரில் படவே விடாதீர்கள். துத்தநாகம் 420 டிகிரிக்குள் உருகிவிடும். உருகியது எவர்சில்வரின் உள்ளே ஊடுருவி அதை நொறுங்க வைக்கும். அதன் மேல் வெல்டு வைக்கிற தம்பிக்கு இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஜி.ஐ. பைப் வெல்டு வைத்த அன்று உடம்பு வலிக்கிறது என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான்.

நான்காவது மேலே சுற்றுகிற துணி, அதாவது ராப். நோக்கம் நல்லது: சூடு உள்ளேயே நிற்கும், டர்போவுக்கு விசை கூடும், கேபினில் அனல் குறையும். ஆனால் உள்ளே நிற்கிற சூட்டில் குழாயும் கூடுதலாகக் காயும். மழைத் தண்ணீரையும் உப்பையும் துணி பஞ்சு போலப் பிடித்து வைக்கும். கீறல் விழுந்தால் கண்ணில் படாது. எல்லாவற்றையும்விட, இஞ்சின் ஆயிலோ டீசலோ கசிந்து அந்தத் துணியில் ஊறினால் வண்டி பற்றிக்கொள்ளும். டீசல் தீப்பொறி இல்லாமலே பற்றுவதற்கு 210 டிகிரி சுற்றுவட்டச் சூடு போதும், ஹெடரில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, தாமிரபரணியும் கரை மீறியதை நாம் மறக்கவில்லை. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டியில் ராப் சுற்றியிருந்தால், சேறு ஊறிய அந்தத் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டுக் குழாயை நல்ல தண்ணீரில் கழுவுவதுதான் முறை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பட்டறைகளில் ராப் கிடைக்காத காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுவார்கள். இன்றும் பழைய வண்டிகளில் அதைக் காணலாம். அதை உலர்ந்த நிலையில் பிய்க்காதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள். அந்த இழை நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துக் கூடப் புற்றுநோயாக வரும். நன்றாக நனைத்து, கழற்றி, பையில் கட்டி வையுங்கள்.

ஐந்தாவது செராமிக் பூச்சு. சொன்னவற்றில் டர்போவுக்கு உண்மையாகப் பயன் தரும் பூச்சு இதுதான். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, தெளித்து, உலையில் சுட்டு எடுப்பார்கள். வெளியே வரும் அனல் குறையும், உப்பும் நேரடியாகக் குழாயில் படாது. ஆனால் இதிலும் வகை உண்டு. பளபளக்கும் வகை பொதுவாகக் குறைந்த சூட்டைத் தாங்கும், மங்கலான வகை அதிகம் தாங்கும். நிறத்தைப் பார்த்து வாங்காமல், எத்தனை டிகிரி தாங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேபினுக்கு நேர் அடியில் இஞ்சின் இருக்கிற வண்டி, மலைப்பாதையில் தினமும் ஓடுகிற வண்டி, வயரும் பிரேக் ஹோஸும் ஹெடரை ஒட்டிப் போகிற வண்டி, இவற்றுக்கு இந்தச் செலவு தகும். மற்றவற்றுக்குக் கட்டாயமில்லை.

ஆறாவது எதுவும் பூசாமல் சுத்தம் செய்து அப்படியே விடுவது, மேலே ஒரு தகட்டு மறைப்பு போடுவது. ஹீட் ஷீல்டு என்கிறோமே, அது. குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே ஒரு விரல் அளவு காற்று இருந்தால் போதும். அனல் தடுக்கப்படும், தண்ணீர் தங்காது, நாலு போல்ட்டைக் கழற்றினால் குழாய் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பூசாத குழாய் நம்மோடு பேசும். கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால் புகை கசிகிறது. ஒரு குழாய் மட்டும் மற்றவற்றைவிட வேறு நிறம் ஏறியிருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரைப் பார்க்கச் சொல்கிற அடையாளம் அது. நாம் விசாரித்த அனுபவசாலிகளில் அதிகம் பேர் உழைக்கிற வண்டிக்கு இதையே சொன்னார்கள். நம் முடிவும் இதுவே.

சகோதரர்களே, வெளிப்புறம் பற்றி இவ்வளவு பேசினோம். டர்போ வண்டியில் வெளிப்புறத்தைவிட உட்புற ஃபினிஷிங்தான் முக்கியம். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. ஒரு கடுகளவு வெல்டிங் உதிரி அதில் போய் மோதினால் இறக்கை உடையும், டர்போ போய்விடும். ஆர்கான் வெல்டிங்கில் வெளியே மட்டும் வாயு விட்டு, குழாயின் உள்ளே விடாமல் வெல்டு வைத்தால், உட்புறம் கருகிச் சர்க்கரைப் பாகு உறைந்தது போல ஒரு பொருக்கு கட்டும். இன்று இல்லாவிட்டாலும் நாளை அது உதிரும். ஆகவே உள்ளேயும் ஆர்கான் விட்டு வெல்டு வைக்கச் சொல்லுங்கள். மாட்டுமுன் டார்ச் அடித்து ஒவ்வொரு குழாயின் உள்ளேயும் பாருங்கள். வெளியே செராமிக் அடிக்கக் கொடுத்தால் உள்ளே மணல் துகள் தங்கியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். உட்புறம் எதையும் பூசச் சொல்லாதீர்கள், உதிர்ந்தால் அது நேரே டர்போவுக்குத்தான் போகும்.

ரகம் பற்றியும் ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இது 304 என்று சொல்வதை நம்பாதீர்கள். விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். கைப்பிடிக் கம்பிக்குச் சரி, ஹெடருக்கு வேண்டாம். காந்தம் ஒட்டினால் போலி என்றும் சொல்ல முடியாது. வண்டிக் கம்பெனிகள் சைலன்சருக்குப் பயன்படுத்தும் 409 ரகத்தில் காந்தம் ஒட்டும். குழாய் வாங்கும் கடையில் ஆலையின் சோதனைச் சான்றைக் கேளுங்கள். வெல்டு வைக்கிற வேலைக்குக் கரிமம் குறைந்த 304எல் அல்லது டைட்டானியம் கலந்த 321 நல்லது. சாதாரண 304-ஐ 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் நெடுநேரம் வைத்தால் குரோமியம் கரிமத்தோடு சேர்ந்து ஒதுங்கி, வெல்டு ஓரம் துருவுக்கு வழி விடும். சுவர் கனமான குழாயாகப் பாருங்கள். டர்போவின் எடையைத் தாங்கத் தனிப் பிராக்கெட் வையுங்கள். பூச்சில் மிச்சம் பிடிக்கும் பணத்தை இங்கே போடுங்கள்.

பி.எஸ்.6 வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறோம். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் வண்டிகளில் புகைவடிகட்டியும், பெரிய வண்டிகளில் பெரும்பாலும் யூரியாக் கரைசல் தெளிக்கிற அமைப்பும் உண்டு. அவை சரியாக வேலை செய்யப் புகையின் சூடு கணக்காக இருக்க வேண்டும். அந்த வண்டியில் கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றாதீர்கள், உடைந்தால் அதே உதிரிபாகத்தை வாங்கி மாட்டுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. பழைய வண்டிக்குக் கூட, உடைந்ததற்குப் பதில் அதே வேலையைச் செய்யும் ஒன்றை வைப்பது வேறு, சத்தத்துக்காகவும் பவுசுக்காகவும் மாற்றுவது வேறு. இரண்டாவதுக்கு நம் பைத்துல்மாலிலிருந்து ஒரு ரூபாயும் கிடையாது.

இனி நாம் மிகவும் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறோம். ஃபினிஷிங் என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு வேலை. அதை யாரோ செய்கிறார்கள். பெரும்பாலும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டுப் பட்டறைக்கு வந்த நம் வீட்டுப் பிள்ளை.

பஃப் அடிக்கும்போது பறக்கும் தூளையும், வெல்டிங் புகையையும் அவன்தான் சுவாசிக்கிறான். எவர்சில்வர் வெல்டிங் புகையில் நச்சு வகைக் குரோமியம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை 2012-இலும், வெல்டிங் புகையை 2017-இலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கில் கட்டுகிற துண்டு இதைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டுகிற வடிகட்டி மாஸ்க் வேண்டும், புகையை வெளியே இழுக்கும் விசிறி வேண்டும். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க ஆற்று மணலை அடிப்பது கூடவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கல்லாக்கும், அதற்குத் திரும்ப மருந்து இல்லை. கண்ணாடி மணி அடிக்கலாம், அப்போதும் மாஸ்க் வேண்டும்.

அதைவிடப் பயங்கரம் வெல்டு நிறத்தை எடுக்கத் தடவுகிற பிக்கிளிங் பேஸ்ட். பார்க்கப் பல் தேய்க்கும் பேஸ்ட் போல இருக்கும். அதில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருக்கிறது. தோலில் பட்டவுடன் சில நேரம் வலியே இருக்காது. பல மணி நேரம் கழித்து வலி தொடங்கும். அதற்குள் சதைக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்திருக்கும், அளவு கூடினால் இதயத்தையே நிறுத்தும். பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, வலிக்கும் வரை காத்திராமல் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆசிட் பட்டது என்று மட்டும் சொன்னால் போதாது. பேஸ்ட் டப்பாவைக் கையோடு எடுத்துப் போய், ஹைட்ரோஃபுளோரிக் என்று சொல்லுங்கள். அதற்குக் கால்சியம் குளுகோனேட் என்ற தனி மருந்து இருக்கிறது. இந்தப் பேஸ்ட் வைத்திருக்கிற பட்டறையில் அந்த ஜெல்லும் இருக்க வேண்டும்.

நம் வேலைக்கு இவ்வளவு ஆபத்து தேவையா என்றால், தேவையில்லை. எவர்சில்வர் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் வெல்டு நிறத்தின் பெரும்பகுதி போய்விடும். அந்தப் பிரஷ்ஷை இரும்புக்குப் பயன்படுத்தாமல் தனியாக வையுங்கள். ஒட்டியிருக்கும் இரும்புத்தூளை எடுக்கச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கிறதே, அதுதான். வெதுவெதுப்பான கரைசலில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்தால் மேல் படலம் தானே கட்டிக்கொள்ளும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள். அது உப்பமிலம். உப்பு செய்கிற கேட்டை அது பல மடங்கு வேகமாகச் செய்யும்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பட்டறை உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். மகன் இரவில் கை வலிக்கிறது என்றால், தைலம் தேய்க்குமுன் இன்று என்ன பேஸ்ட் தொட்டாய் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வி விரலைக் காப்பாற்றும், சில நேரம் உயிரையும் காப்பாற்றும்.

ஆகவே அந்த மனுவுக்கு நாம் எடுத்த முடிவை அறிவிக்கிறோம். சான்றுள்ள 304எல் குழாய், உள்ளும் புறமும் ஆர்கான் விட்ட வெல்டு, டர்போவுக்குப் பிராக்கெட், மேலே தகட்டு மறைப்பு, இவற்றுக்குக் கடன் உண்டு. பஃபுக்கும் குரோமியத்துக்கும் இல்லை. மலைப்பாதை வண்டி என்றால் செராமிக்குக்குத் தனியாகப் பரிசீலிப்போம். இனி வருகிற இது போன்ற மனுக்களுக்கும் மூன்று நிபந்தனை. குழாயின் ரகச் சான்று இணைக்க வேண்டும். மாட்டுமுன் ஹெடரின் உட்புறத்தை நாம் சொல்லும் மெக்கானிக் ஒருவர் பார்க்க வேண்டும். வேலை செய்கிற பிள்ளைக்கு மாஸ்க், கண்ணாடி, கையுறை இருக்கிறதா என்று பட்டறைக்காரர் கையெழுத்திட வேண்டும். இருப்பு இல்லாத சிறு பட்டறைகளுக்கு அவற்றை அறக்கட்டளையே வாங்கித் தரும். அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களே, இதை உங்கள் மேல் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாடிக்கையாளர் பளபளப்பைக் கேட்பதால்தான் நீங்கள் செய்கிறீர்கள். கேட்கிறவர்கள் நாம்தான். நாம் கேட்பதை மாற்றினால் நீங்கள் செய்வதும் மாறும். ஆறு மாதம் கழித்தும் கீறல் இல்லாத ஹெடரும், அதைச் செய்த பிள்ளையின் கெடாத கையும் நெஞ்சும்தான் நல்ல வேலைக்குச் சாட்சி.

வல்ல இறைவன் நம் உழைப்பில் பரக்கத்தையும், சாலையில் ஓடும் நம் சகோதரர்களுக்குப் பாதுகாப்பையும், பட்டறையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன். கேள்வி இருப்பவர்கள் தொழுகைக்குப் பின் தாராளமாக வந்து கேளுங்கள்.

வஸ்ஸலாம்.